ஆழிவாயில் வகுப்பில் தவறாகச் சொல்லப்பட்ட நீர்க்கணக்கு

முந்நூற்று ஐம்பத்திரண்டு நாளும் பதினேழு வட்டிலும். ஆழிவாயில் வகுப்பறைக்குள் எழினி முதன்முதலாகக் கால் வைத்ததிலிருந்து, பிள்ளைகள் முன் தன் பிழையைச் சொன்னது வரை கழிந்த காலம் அது.

ஏழு துறைகளையும் காப்பவரும், வெண்சங்குக் கொடியுடையவரும், நீரகநாட்டின் அரசியுமாகிய திருமாமணியார் ஆணையால், கல்வி அமைச்சர் இறையன், பதினொரு ஊர்களில் உள்ள ஆசிரியப் பயில் இல்லங்களின் தலைவர்களுக்கு விடுக்கும் ஓலை. உங்கள் கிணறுகள் உவர்ப்பேறாமல் இருக்கட்டும். உங்கள் கூரைகள் மழையைத் தாங்கட்டும். உங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தயங்காமல் இருக்கட்டும்.

இதில் உள்ளவை எழினி தன் வாயால் சொன்னவை. பிறர் பேச்சும் பேசியபடியே எழுதப்பட்டுள்ளது. சாட்சியை அழகுபடுத்தி எழுதுவது நம் நாட்டில் குற்றம்.

உடனிருப்பு ஆண்டின் முறை உங்களுக்குத் தெரியும். ஆயினும் அரசியார் முன் இவ்வோலை படிக்கப்படும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். ஆசிரியராக விரும்புபவர் முந்நூற்று அறுபது நாள் ஒரு மூத்த ஆசிரியரின் வகுப்பில் இருக்க வேண்டும். முதல் நூறு நாள் பேசக்கூடாது. பிள்ளைகளோடு பின்வரிசையில் அமர்ந்து பார்க்க வேண்டும். பிறகு நாளுக்கு ஒரு பாடம், அப்புறம் பாதி நாள், கடைசியில் முழு நாள். அப்போது மூத்தவர் பின்வரிசைக்குப் போவார். புதியவர் தவறாக ஏதேனும் சொன்னால், மூத்தவர் தடுக்கமாட்டார். ஒரு சிவப்புத் துணியை மடியில் விரிப்பார். மறுநாள் காலை புதியவரே பிள்ளைகளிடம், “நேற்று நான் சொன்னது தவறு” என்று சொல்லித் திருத்த வேண்டும். கடைசி முப்பது நாளில் அப்படிச் சொல்ல நேர்ந்தால் ஆண்டு மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கும். பிழையைக் கண்டும் துணியை விரிக்காத மூத்தவர் வகுப்பை இழப்பார்.

எழினி தலைநகரத்தவள். கோள்களும் நீரும் பற்றிய கல்வியை முடித்தவள். பேச்சு அவளுக்கு வராது. அவள் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் எட்டும். நூறு நாள் பின்வரிசையில் இருந்ததால் பிள்ளைகள் அவளைப் ‘பின்வரிசை அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். அவள் முன்னால் வந்து நின்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அவளுக்கு வாய்த்த மூத்த ஆசிரியை வேண்மாள். வயது முப்பத்தெட்டு, ஆழிவாயிலிலேயே பிறந்தவர். முதல் மாதங்களில் அவர் மடியில் துணி விரியாத நாளே இல்லை. ஐப்பசிக்குப் பிறகு அது அரிதாகிவிட்டது. தான் தேறிவிட்டதாக எழினி நினைத்தாள்.

ஆழிவாயிலுக்கு எதிரே சங்குத்தீவு இருக்கிறது. நீர் இறங்கும்போது ஒரு மணல்வழி தெரியும். ஏறும்போது ஆள் உயரத்துக்கு மூடிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, வகுப்பின் பெரிய பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல், தங்கள் கணக்கை மட்டும் நம்பி, தீவுக்குப் போய்ச் சங்கு பொறுக்கித் திரும்புவார்கள். அதற்குக் கணக்குநடை என்று பெயர். இம்முறை ஒன்பது பிள்ளைகள். நாள், எழினியின் முந்நூற்று ஐம்பத்து மூன்றாம் நாள்.

அதற்கான பாடத்தை ஐந்து நாள் முன்பு அவளே நடத்தினாள். அன்று விடிந்து பத்தாவது வட்டில் மூழ்கியபோது நீர் மணல்வழியை மூடியது. வட்டில் என்பது அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணம். நீரில் மிதந்து, நிரம்பி, மூழ்கும். அதை எண்ணித்தான் பொழுதைச் சொல்கிறோம். கடல் ஒவ்வொரு நாளும் மூன்று வட்டில் தாமதித்து வரும் என்று எழினி சொன்னாள். அப்படியானால் கணக்குநடை நாளில் இருபத்தைந்தாம் வட்டிலில் வழி மூடும். பிள்ளைகள் திரும்பச் சொன்னார்கள். தப்பில்லாமல் சொன்னார்கள். பின்வரிசையில் துணி விரியவில்லை.

முந்நூற்று ஐம்பத்திரண்டாம் நாள் அவள் துறைக்குப் போனாள். அவள் கணக்குப்படி அன்று இருபத்திரண்டில் மூட வேண்டிய வழி, கண்முன்னே மூடிக்கொண்டிருந்தது. துறைக்காவலர் உதியனிடம் எத்தனையாவது வட்டில் என்று கேட்டாள்.

“பதினெட்டு. ஏன் தங்கச்சி, என் எண்ணிக்கையிலயா சந்தேகம்? நாளுக்கு அறுபது, ஒண்ணு கூட விடாம மாத்தி மாத்தி எண்ணுறோம்.”

“அறுபதா? ஒரு நாளைக்குத் தொண்ணூறு இல்லையா?”

“தொண்ணூறா? உங்க ஊர் வட்டிலும் உங்கள மாதிரியே ஒல்லி போல.”

அவர் சிரித்தார். எழினிக்கு அப்போதுதான் விளங்கியது. தலைநகரத்து வட்டில் சிறியது. அங்கே மூன்று மூழ்கும் நேரத்தில் ஆழிவாயிலில் இரண்டுதான் மூழ்கும். அவள் படித்த எண்ணை மாற்றாமல் அப்படியே சொல்லிவிட்டாள். பிள்ளைகள் இருபத்தைந்து என்று நம்பியிருக்க, வழி இருபதிலேயே மூடிவிடும். பதினெட்டில் துறையிலிருந்து கிளம்பும் ஒன்பது பிள்ளைகளும் சங்கு பொறுக்கிவிட்டு, நேரம் இருக்கிறது என்று நிதானமாக மணலில் இறங்குவார்கள்.

மாலையில் அவள் வேண்மாளிடம் போனாள். வேண்மாள் முதுகு காட்டி உட்கார்ந்து ஓலை நறுக்கிக்கொண்டிருந்தார். எழினி கதவருகே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வட்டிலைச் சொன்னாள், இருபதைச் சொன்னாள். பதில் வரவில்லை. சற்றுக் கழித்துத் திரும்பிய வேண்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன இப்படி நிக்கிற? நாளைக்கு எல்லாம் நல்லபடியா நடக்கும். போய்ப் படு.”

எழினி அதற்கு ஒரு பொருள்தான் கொண்டாள். இவருக்கு முன்பே தெரியும். துணியை விரித்தால் என் ஆண்டு போகும். விரிக்காமல் விட்டது வெளியே வந்தால் இவர் வகுப்பு போகும். அதனால் இவரே ஏதோ சாக்குச் சொல்லிப் பிள்ளைகளை நிறுத்திவிடுவார். அவள் அதை நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் அரசவை ஆய்வாளர் கீரன் வந்து வகுப்பில் அமர்ந்தார். எழினி பாடம் நடத்தினாள். என்ன நடத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. துறையில் ஒவ்வொரு வட்டில் மூழ்கும்போதும் ஒலிக்கும் சேகண்டி மட்டும் நினைவிருக்கிறது. பதினான்கு. வேண்மாள் நிறுத்துவார். பதினைந்து. இதோ எழுந்துவிட்டார். பதினாறு. எழுந்தவர் சங்குப் பைகளை எடுத்து எண்ணத் தொடங்கினார். பதினேழு அடித்துப் பிள்ளைகள் எழுந்தபோது, ஒன்பது பைகளையும் ஒன்பது பிள்ளைகளின் தோளில் மாட்டிவிட்டு, அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

“போகாதீங்க,” என்றாள் எழினி.

யாருக்கும் கேட்கவில்லை. நக்கன் என்னும் பையன் வாசற்படியைத் தாண்டிவிட்டான். அவள் ஓடிப்போய் அவன் பையைப் பிடித்து இழுத்தாள். அவன் மல்லாந்து விழுந்தான்.

“நான் சொன்னது தவறு. இருபத்தஞ்சு இல்ல. இருபதுல தண்ணி மூடிடும். என் வட்டில் வேற, இந்த ஊர் வட்டில் வேற. நான் பாக்காம சொல்லிட்டேன்.”

அவள் அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. நக்கன் கீழே கிடந்தபடியே அவளைப் பார்த்தான்.

“அத ஒக்காந்திருக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல அக்கா. முழங்கை பேந்திருச்சு.”

கிள்ளை என்ற சிறுமிக்கு வேறு கவலை. “நான் இருபத்தஞ்சுன்னு ஓலையில கீறிட்டேனே. அத எப்படி அழிக்கிறது?”

“நாளைக்குப் புது ஓலை தர்றேன்,” என்றாள் எழினி. சொன்ன பிறகுதான், நாளைக்கு இந்த வகுப்பில் தனக்கு இடம் இருக்குமா என்ற எண்ணம் அவளுக்கு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டாள்.

கீரன் பிள்ளைகள் அனைவரையும் துறைச்சுவருக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். இருபதாவது சேகண்டி அடங்குவதற்குள் இரண்டு பக்கமிருந்தும் நீர் வந்து மணல்வழியின் நடுவில் சேர்ந்தது. நக்கன், “நாம அங்க பாதிவழியில இருந்திருப்போம்,” என்றான்.

இனி அரசியாரின் கட்டளை.

கடைசி முப்பது நாளில் பிழையை ஒப்புக்கொண்டவரின் ஆண்டை முதலிலிருந்து தொடங்கும் விதி, இவ்வோலை உங்கள் கை சேரும் நாளோடு நீக்கப்படுகிறது. அந்த விதிதான் எழினியை ஒரு பகலும் ஓர் இரவும் வாய் மூட வைத்தது. அவளுடைய நாட்கள் அனைத்தும் எண்ணப்படும். வேற்றூரிலிருந்து வரும் எவரும் பாடம் தொடங்குமுன் அந்த ஊரின் வட்டில், மரக்கால், அளவுகோல் ஆகியவற்றைத் தம் கையால் அளந்து பார்க்க வேண்டும். மூத்த ஆசிரியரிடம் சொல்ல வேண்டியதை முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லலாகாது. எதிரே அமர்ந்து, விடை பெறும்வரை சொல்ல வேண்டும். துணி விரிக்காத மூத்தவர் எவராயினும், காரணம் கேட்கப்படாமல் வகுப்பை இழக்கமாட்டார். வேண்மாள் குறித்து உங்களில் எவரும் முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அவர் தம் வகுப்பிலேயே இருக்கிறார். மீறுபவர் ஏழு துறைகளின் முன்னும் விடை சொல்ல வேண்டியவர்.

அரசியாரின் இன்னொரு சொல்லும் உண்டு. கட்டளைக்குக் காரணமான வாக்குமூலம் ஓலையின் கடைசியில் நிற்க வேண்டும். முத்திரை அதன் கீழ்தான் பதிய வேண்டும். படிப்பவர் வேறு எதையும் அதன்மேல் அடுக்கக்கூடாது. ஆகவே அதை எழுதி முடிக்கிறேன்.

துறையிலிருந்து திரும்பிய பிறகு, கீரன் வகுப்பறையில் வேண்மாளின் பின்னால் நின்று, நீர்க்கணக்குப் பாடம் நடந்த அன்று துணியை ஏன் விரிக்கவில்லை என்று கேட்டார். வேண்மாள் திரும்பவில்லை. கீரனுக்குச் சினம் வந்தது. மறுமுறை கேட்டார். அப்போதும் வேண்மாள் பைகளை மடித்துக்கொண்டிருந்தார். எழினிதான் அவர் எதிரே போய் மண்டியிட்டு, முகத்தைப் பார்த்து, அதே கேள்வியைக் கேட்டாள். வேண்மாள் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, தேவைக்கு மேல் உரக்கச் சொன்னார்:

“பிள்ளைங்க முகம் குழம்புனா துணிய விரிப்பேன். அன்னைக்கு ஒரு முகமும் குழம்பல, அவ்வளவு தெளிவா சொல்லிக் குடுத்திருக்கா. என்ன சொல்லிக் குடுத்தான்னு எனக்குத் தெரியாது. ஐப்பசியில காய்ச்சல் வந்து போச்சே, அதுக்கப்புறம் எனக்குக் காது கேக்கல.”