தாழ்ப்பாள் வைத்த டீப்பாய்

ஞாயிறு இரவு.

இன்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் செய்த டீப்பாயின் மேல்தான் கேசரியும் காபியும் வைத்தேன். காலடிப்பேட்டையில் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது தூக்கிவந்த கழிப்பறைக் கதவு அது. இற்றுப்போன அடிப்பாகத்தை அறுத்துவிட்டேன். மிச்சம் நல்ல மரம். உப்புத்தாளும் வார்னிஷும்தான் செலவு. தாழ்ப்பாளை வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

மாப்பிள்ளையின் அத்தை அதைத் தொட்டுப் பார்த்தார்.

"டீப்பாய்க்கு இன்னாத்துக்கும்மா தாழ்ப்பா?"

அம்மா என் காலை மிதித்தாள். மறைக்க என்ன இருக்கிறது? இழைத்தது என் கை.

"கக்கூஸ் கதவு, அத்தை. நான்தான் அறுத்து செஞ்சேன்."

அவர் கேசரியைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டார்.

மாலையில் அத்தையிடமிருந்து போன். அம்மா போனைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"உன்ன புடிச்சிகீதாம்டி. அந்தக் கதவு மட்டும் அவங்க வூட்டுக்கு வரக் கூடாதாம். சரின்னு சொல்லிடறேன்."

போனை நான் வாங்கினேன்.

"கதவு வராத வூட்டுக்கு நானும் வர்ல, அத்தை."

போனை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அம்மா அதன்பிறகு என்னோடு பேசவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுத் தட்டை டீப்பாய் மேல் வைத்துத்தான் சாப்பிட்டாள்.