மரத்தடி பெஞ்சு

நம் ருதெந்தோவின் அப்பாவுக்கு,

மக்காச்சோள மாவில் சட்ஸா கிளறி மூடி வைத்திருக்கிறேன். வேர்க்கடலை விழுது போட்ட கீரை சட்டியில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பியை அடக்கம் செய்த நாளிலிருந்து என்னிடம் நாலு வார்த்தை பேசவில்லை. ஆனால் கிளினிக் மரத்தடி பெஞ்சில், ஆலோசனை சொல்கிற ஃபாராய் அம்மாவிடம் வாரா வாரம் ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள். அழுதீர்களாம், குழாயடியில் சொன்னார்கள். பதினோரு வருஷத்தில் என் எதிரில் ஒரு சொட்டு விட்டதுண்டா? வயிறு எரிந்தது.

புருஷன் பெண்டாட்டி வழக்கென்றால் நம் முறைப்படி உங்கள் அத்தையிடம்தான் முறையிட்டிருக்க வேண்டும். நான் நேற்று நேரே அந்தப் பெஞ்சுக்கே சண்டைக்குப் போய்விட்டேன்.

"எம் புருஷன் ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"அது அவரோடது. நீ எப்படிம்மா இருக்கே?" என்றார் அந்த அம்மா.

என்னை யாராவது அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! உட்கார்ந்தவள், இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. இன்றும் அங்கேதான் போகிறேன்.

நெட்சாய்

கீரையில் உப்பு கம்மி. போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அங்கே என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் உங்களுக்கும் எரியட்டும்.