பச்சைச் சட்டை போட்ட செஞ்சட்டை வீரன்

மேஃபீல்ட், நியூகாசில்
செப்டம்பர், ஞாயிறு காலை

அன்புத் தம்பி நெவிலுக்கு,

அக்கா க்ளெனிஸ் எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். நீயும் அங்கே தர்ஸ்டே தீவில் படகு எஞ்சின்களோடு சௌக்கியமாக இருக்கிறாய் என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன். போனை எடுப்பதில்லை, போன கடிதத்துக்கும் பதில் இல்லை. அதனால்தான் இந்தத் தடவை உறையின் மேலேயே கொட்டை எழுத்தில் 'பச்சைச் சட்டை அசல்' என்று எழுதிவிட்டேன். நீ பிரிக்காமல் மூலையில் போட்டாலும் உங்கள் தபால் ஆபீஸ்காரர்கள் படித்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார்கள்.

ஆமாம் தம்பி, நிரூபணமாகிவிட்டது. சந்தேகத்துக்குத் துளியும் இடமில்லாமல். அந்த ஆஷ்பி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார், அதுவும் மைக்கில். கையில் இருக்கிற ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் அன்றைக்கு இருந்த கோபத்தில் பாதி உன் காதில் விழுந்திருக்காது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பாரமட்டாவில் காமிக்ஸ் சேகரிப்பாளர்கள் கூடுகிற அந்தச் சந்தை. நீ மாக்ஸ்வில்லில் ஒரு பழைய சாமான் கடையில் கண்டெடுத்த 'செஞ்சட்டை வீரன்' பதினேழாம் இதழைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தாய். எல்லாரிடமும் இருக்கும் பதினேழாம் இதழ் அட்டையில் குதிரைமேல் போகிறவனின் சட்டை சிவப்பு. உன் பிரதியில் பச்சை. லயனல் ஆஷ்பி சொன்னால் இந்த நாட்டில் காமிக்ஸ் விஷயத்தில் மறுபேச்சில்லை. அவர் வந்து பார்த்தார். அந்தப் பதிப்பகம் பச்சை மையைத் தொட்டதே இல்லை, யாரோ பிற்காலத்தில் புது அட்டை அடித்துப் பழைய உள்பக்கங்களோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்றார். அதோடு விட்டிருக்கலாம். மைக்கைப் பிடித்து, வீரனுக்குச் சாயம் பூசினவர் நம் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லி உன்னைப் பார்த்தார். கூடம் முழுக்கச் சிரித்தது.

அதற்குப் பிறகு ஒருத்தரும் உன்னோடு ஒரு புத்தகம்கூட மாற்றிக்கொள்ளவில்லை. நீ எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வடக்கே போய்விட்டாய். அந்த ஒன்றை மட்டும் என்னிடம் தந்து அடுப்பில் போடச் சொன்னாய். நான் போடவில்லை. என் கடையில் சாவிகள் தொங்கும் பலகைக்குப் பின்னால் அது இத்தனை நாளும் பத்திரமாக இருந்தது.

விட்டுவிடு க்ளெனிஸ் என்று நீ எத்தனையோ தடவை சொன்னாய். எனக்கு விடத் தெரியாது. சாவி வெட்டுகிறவள் நான். ஒரு சாவி இருந்தால் அதற்கென்று ஒரு பூட்டு எங்கேயோ இருந்தே தீரும்.

நான் யோசித்தது இவ்வளவுதான். கள்ளப் பிரதி என்றால் அது எங்கே வேண்டுமானாலும் முளைக்கும். அசல் என்றால் விற்ற ஊரில்தான் கிடைக்கும். பச்சைச் சட்டை வைத்திருக்கிற மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தேன். ஆஷ்பியின் பேச்சைக் கேட்டு அவர்களும் அதை வெட்கத்தோடு ஒளித்துத்தான் வைத்திருந்தார்கள். எங்கே வாங்கியது என்று கேட்டேன். ஒருவருடையது கெம்ப்ஸியில் ஒரு சலூன் பெஞ்சிலிருந்து வந்தது. இன்னொன்று நம்பக்காவில் மீன் பிடிக்கிறவரின் பெட்டியில் கிடந்தது. கடைசியாகக் கிடைத்தது கிராஃப்டனில். எல்லாம் ஒரே கடலோரம், ஒரே சாலை. கெம்ப்ஸிக்குத் தெற்கே ஒன்றுகூட இல்லை. கள்ளப் பிரதிக்கு இப்படி ஊர்ப்பற்று இருக்குமா?

இதை ஆஷ்பிக்கு எழுதினேன். மரியாதையாகவே பதில் போட்டார். தற்செயல் வேறு, சாட்சி வேறு, கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது கொண்டுவாருங்கள் என்றார். எரிச்சலாக இருந்தாலும் நியாயமான பேச்சு. அந்தச் சாலையில் இருக்கிற மாட்டுத் தீவனக் கடை, பெட்ரோல் பங்க் எல்லாவற்றிலும் அட்டைப் படத்தோடு ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். இந்தப் பச்சைச் சட்டைக்காரனைப் பார்த்தவர்கள் கூப்பிடுங்கள் என்று என் நம்பரோடு. நிறையப் பேர் கூப்பிட்டார்கள். வெயிலில் வெளுத்த புத்தகங்கள், பூஞ்சை பிடித்த புத்தகங்கள். ஒருவர், காணாமல் போன அவருடைய மாமாவை நான் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்.

இந்த ஜூலையில் டோரிகோ மலைமேல் இருந்து இவெட் என்ற பெண் கூப்பிட்டாள். அவளும் அவள் புருஷன் டார்சியும் அங்கே உருளைக்கிழங்கு போடுகிறவர்கள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, தவளைக் கலர்ல சட்டை போட்டுக்கிட்டு குதிரையில ஒருத்தன் போறானே, அவனையா தேடுறீங்க? எங்க சமையக்கட்டுத் தரைக்கு அடியில படுத்துக் கெடக்கான்."

தரையில் ஒட்டியிருந்த பழைய லினோலிய விரிப்பைப் பிய்த்து எடுத்துவிட்டு டைல்ஸ் போடுகிறார்களாம். பிய்த்ததில் பாதி ஏற்கெனவே கொல்லையில் குப்பைமேட்டில் கிடக்கிறது, கொளுத்த வேண்டியதுதான் பாக்கி என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. தீ வைக்காதே என்று கெஞ்சினேன். "இந்த ஊரு மழையில நெருப்பு எங்க பத்தப்போவுது? நிதானமா வாங்க" என்றாள்.

நான் எங்கே நிதானமாகப் போனேன். ஷட்டரை இழுத்துவிட்டு அப்படியே கிளம்பிவிட்டேன். மலைப்பாதையில் மூடுபனி, எதிரே வருகிற மரலாரி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. போய்ச் சேர்ந்தபோது டார்சி முழங்காலில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தார். லினோலியத்துக்கு அடியில் அந்தக் காலத்து வழக்கப்படி செய்தித்தாள் பரப்பியிருந்தார்கள். எல்லாம் நாற்பத்தொன்பதாம் வருஷத்துக் குளிர்காலத்துத் தாள்கள். பக்கத்துக்குப் பக்கம் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம், சிட்னியில் மின்வெட்டு என்றுதான் செய்தி. அதற்கும் அடியில், பலகையை ஒட்டி, வெட்டாத பெரிய தாள்கள். ஒவ்வொன்றிலும் நம் வீரன் வரிசையாக நாலு குதிரையில் போகிறான், தம்பி. நாலு பேருக்கும் பச்சைச் சட்டை.

தொட்டதெல்லாம் துண்டு துண்டாக வந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. அடுப்புச் சுவர் ஓரம் மட்டும் ஈரம் ஏறாமல் இருந்தது. அங்கே ஒரு தாள் முழுசாகக் கிளம்பி வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தேன்.

பின்பக்கத்தில் வெண்ணெய் உறை அச்சாகியிருந்தது. ஒரு பவுண்டு வெண்ணெய், சுற்றிலும் மூவிலைப் புல், நடுவில் அந்த ஊர் வெண்ணெய் ஆலையின் பெயர். அதே பச்சை. முன்பக்கம் வீரனின் சட்டையில் எந்தப் பச்சையோ அதே பச்சை.

நான் தரையிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். டார்சி பயந்துபோய், முட்டி வலியா என்று கேட்டார். இல்லை, என் தம்பி என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. இவெட் டீ போட்டுக் கொடுத்தாள்.

அந்த வீடு டார்சியின் அத்தை மெர்ல் பிறந்த வீடு. ஆலையில் வெண்ணெய் உறை அடிக்கிற அச்சு இயந்திரத்தை ஓட்டியவர் மெர்லுடைய அப்பா. வீணான தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து தரைக்குப் போட்டுவிட்டார். அத்தையை வரவழைத்தார்கள். எண்பதைத் தாண்டிவிட்டது, நாக்குக்கு மட்டும் வயசாகவில்லை. படத்தைப் பார்த்ததும், இந்தக் கடங்காரன் இன்னும் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார்.

நடந்தது இதுதான். பதினேழாம் இதழின் உள்பக்கங்கள் சிட்னியில் அச்சாகி முடிந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அட்டை மட்டும் பாக்கி. பதிப்பாளரின் மனைவிக்கு இந்த மலைதான் பிறந்த ஊர். நம் ஊர் ஆலையில் பாய்லர் மரத்தில் எரிகிறது, கரி வராவிட்டாலும் ஓடும் என்று அந்த அம்மாள் யோசனை சொல்லியிருக்கிறாள். அச்சுக்கட்டைகளையும் உள்பக்கங்களில் ஒரு பங்கையும் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். ஆலையில் இருந்தது கறுப்பும் பச்சையும்தான். சட்டைக்குச் சிவப்பு எங்கே என்று லாரிக்காரன் கேட்டானாம். மெர்லுடைய அப்பா சொன்ன பதில் அந்த ஊரில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

"எங்கிட்ட எதுக்குய்யா செவப்பு மை இருக்கணும்? செவப்பு வெண்ணெய எவன் தின்னுவான்?"

அடித்த அட்டைகளை அங்கேயே தைத்து, லாரி கிராஃப்டன் பக்கமாக இறங்கித் திரும்புகிற வழியில் கடலோரக் கடைகளில் மட்டும் போட்டுக்கொண்டே போனார்கள். கெம்ப்ஸி தாண்டுவதற்குள் சரக்கு தீர்ந்துவிட்டது. அதற்குள் சிட்னியில் கரண்ட் வந்துவிட, மற்ற ஊர்களுக்கெல்லாம் சிவப்பில் புதிதாக அடித்து அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மெர்லைச் சுற்றி நின்று பாடுவார்களாம். "பேரு செஞ்சட்டை, போட்டது பச்சை, மெர்லு அப்பா அடிச்சாலே எல்லாமே பச்சை." அதைப் பாடிக் காட்டும்போதும் அவருக்கு ரோஷம் போகவில்லை. அந்த அச்சு இயந்திரத்தை நீ பிறப்பதற்கு முன்பே இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அதில் யார் வந்து பிற்காலத்தில் கள்ள அட்டை அடிப்பது?

தாளைக் கண்ணாடிக்குள் வைத்து, அதன்மேல் கிடந்த செய்தித்தாளையும் உன் பிரதியையும் எடுத்துக்கொண்டு போன சனிக்கிழமை பாரமட்டா சந்தைக்குப் போனேன். அதே கூடம். ஆஷ்பி உள் அறைக்குப் போய்ப் பேசலாம் என்றார். நான் மாட்டேன் என்று நடு மேஜையிலேயே விரித்தேன். கூட்டம் கூடிவிட்டது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார். வீரனின் தொப்பி விளிம்பில் அச்சுக்கட்டை கீறின ஒரு கோடு உண்டு, நினைவிருக்கிறதா? சிவப்புப் பிரதிகளிலும் இருக்கிற அதே கோடு. தாளிலும் இருந்தது, உன் பிரதியிலும் இருந்தது. பிறகு தாளைத் திருப்பினார். வெண்ணெய் உறையைப் பார்த்தார். செய்தித்தாளின் தேதியைப் பார்த்தார். மெர்ல் சொன்னதை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உங்கள் தம்பி வந்திருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த மனுஷரின் முகம் வாடியது பார், அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். நான் கேட்பதற்கு முன்பே அவராகவே போய் மைக்கை எடுத்தார்.

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல நின்னு ஒரு மனுஷனைக் கள்ளன்னு சொன்னேன். தப்பு என்னோடது. அந்தப் புஸ்தகம் அசல். அந்த மனுஷனும் அசல்."

அன்றைக்கு முதலில் சிரித்தானே, வொல்லங்காங்கிலிருந்து வருகிற அந்தத் தாடிக்காரன், அவன்தான் முதலில் எழுந்து நின்று கை தட்டினான். பிறகு எல்லாரும். நான் போய் இரண்டு சாசேஜ் ரோல் வாங்கித் தின்றேன்.

இன்னும் ஒன்று. இனி வருகிற பட்டியல்களில் எல்லாம் இந்தப் பதிப்புக்குப் 'பாஸ்கோ பச்சை' என்று பெயர். நான் கேட்கவில்லை, அவர்களாகவே வைத்தார்கள். பாஸ்கோ நம் அப்பா பெயர், அதற்கு இந்தப் பெருமையை வாங்கிக் கொடுத்தவன் நீ. ஒளித்து வைத்திருந்தவர்கள் எல்லாரும் இப்போது தங்கள் பச்சைச் சட்டையோடு போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கிழிந்த ஒரு துண்டைச் சட்டம் போட்டுப் புது டைல்ஸுக்கு மேலே மாட்டியிருக்கிறாளாம் இவெட். ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் கொடுத்து அனுப்பினாள், தின்று தீரவில்லை.

ஆஷ்பி உன் விலாசம் கேட்டார், உனக்கே மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டுமாம். உன்னைக் கேட்காமல் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எழுதட்டுமே, தம்பி. எழுதினால் அவருக்கும் பாரம் இறங்கும்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. எலுமிச்சை இந்த வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்த்துக் கீழே விழுகிறது, பொறுக்க ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார்கள். என் முட்டியைப் பற்றிக் கவலைப்படாதே. நவம்பரில் ஆபரேஷன், சின்ன விஷயம்தான். வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டாள். தம்பி இருக்கிறான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அது பொய்யா நிஜமா என்று தெரியாமல், நான் இன்னும் அவளிடம் திருத்திச் சொல்லவில்லை.

கடலும் காற்றும் உனக்கு அனுகூலமாக இருக்கட்டும். எங்கே நடந்தாலும் இனிமேல் தலையை நிமிர்த்தி நட, உன் பெயரில் ஒரு மாசும் இல்லை.

உன் புத்தகம் பத்திரமாக என்னிடம் இருக்கிறது. மூன்று பேர் விலைக்குக் கேட்டார்கள், அது என்னுடையதில்லை என்று சொல்லிவிட்டேன். தபாலில் அனுப்பமாட்டேன், தபாலை நம்ப முடியாது. நீயே வந்து வாங்கிக்கொள்.

என்றும் உன் நலமே நினைக்கும்
அக்கா
க்ளெனிஸ்