ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் வேறு கம்பெனி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் வடிந்ததா? மாப்பிள்ளை சமைக்கக் கற்றுக்கொண்டார் என்றாயே, கேட்கச் சந்தோஷமாக இருந்தது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்பாவுக்குக் கடைசியில் என்ன ஆனது என்று போனில் நீ கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன். நிறைமாதக்காரியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று தெரிந்தும், வர முடியவில்லையே என்று நீ அழுவதைத் தாங்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நம் அரசு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையைக் கம்பெனிக்குக் கொடுத்ததும் நானும் கம்பெனி ஆளாகிவிட்டேன் அல்லவா? முன்பெல்லாம் தலைமை நர்ஸ் ஒரு குரல் கொடுத்தால் மாப் கட்டையைப் போட்டுவிட்டு நோயாளியைத் தூக்க ஓடுவோம். இப்போது அவரவர் மாடியை விட்டு நகரக்கூடாது. ஸ்ட்ரெச்சர் தள்ளுவது இன்னொரு கம்பெனி. ஸ்கேன் வேறொரு கம்பெனி. வாசல் பலகையில் மட்டும்தான் அரசு.

மூச்சுத்திணறலோடு அப்பாவைச் சேர்த்தது மூன்றாவது மாடியில். எனக்கு வேலை கீழ்த்தளத்தில். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஏறிப் போய்ப் பார்ப்பேன். "ஆபீசரம்மா சோதனைக்கு வந்துட்டாங்க" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் கிண்டல் செய்வார்.

அன்று காலை டாக்டர் அவசரமாக நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நர்ஸ் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி படியிறங்கி ஓடிவந்து, "அக்கா, அண்ணனுக்கு ரொம்ப இழுக்குது, சீக்கிரம் வாங்க" என்றாள். எங்கள் சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "இடத்தை விட்டுப் போனா உங்களையும் வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க, என்னையும் தூக்கிடுவாங்கக்கா" என்று கும்பிட்டார். மாப் கட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏறினேன்.

நர்ஸ் ஆக்சிஜனை மாட்டிவிட்டாள். வார்டில் அவள் ஒருத்திதான். கூட வர முடியவில்லை. நானும் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியும் ஸ்ட்ரெச்சரைச் சாய்தளம் வழியாகத் தள்ளிக்கொண்டு இறங்கினோம். அப்பா முகமூடியை விலக்கி, "மெதுவாத் தள்ளு. கல்யாண ஊர்வலத்துலகூட இவ்வளவு வேகம் இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது பாப்பா. அழுதுகொண்டே சிரித்தேன்.

ஸ்கேன் அறை காலியாகத்தான் இருந்தது. ஆனால் தள்ளி வருகிற கம்பெனி ஆள் தன் போனில் பதிந்தால்தான் அங்கே கம்ப்யூட்டரில் பெயர் வருமாம். பெயர் வராமல் படம் எடுக்க முடியாதாம். அங்கே இருந்தது உன் வயதுப் பெண். "நான் என்னம்மா பண்ணுவேன்? இருங்க, அந்தக் கம்பெனி ஆள்கிட்ட பதியச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று செருப்பு நழுவ ஓடினாள். நான் அப்பாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டே நின்றேன். என் சீருடையின் நுனியை இறுகப் பிடித்திருந்தார். அந்தப் பிடி தளர்ந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் மூச்சிரைக்க வந்து, "பேர் வந்துடுச்சும்மா" என்றாள்.

காரியமெல்லாம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது இனி எனக்கு வேலை இல்லை என்றார்கள். சூப்பர்வைசருக்கும் இல்லை. ஆஸ்பத்திரி அதிகாரியிடம் போய் நின்றேன். கம்பெனியைக் கேளுங்கள் என்றார். கம்பெனியில், ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் எல்லாம் நடந்தது என்றார்கள். யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். யாரைத் திட்டி அழுவது என்றுதான் தெரியவில்லை.

உனக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். பிள்ளை ஒரு குறையுமில்லாமல் பிறக்கட்டும். வலி எடுத்ததும் மாப்பிள்ளையை உன் பக்கத்திலேயே இருக்கச் சொல். ஆபீஸில் விடவில்லை என்றாலும் வந்துவிடச் சொல். அங்கே யாராவது அவரை வெளியே உட்காரச் சொன்னால், உன் கையை விட்டுவிட்டு எழுந்து போக வேண்டாம் என்று சொல். அத்தை கேட்டுக்கொண்டதாகச் சொல்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா