பகல் காட்சிக்கு இரண்டு கராம்பு

ஐசே,

இன்று காலை அம்மருட்டில் இந்த வருடத்தின் முதல் பனி. தடித்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல ஒவ்வொரு பையாகச் சோதித்தேன். உட்பையில் விரல் பட்டதும் வாசனை வந்துவிட்டது. இரண்டு கராம்பு. உள்ளங்கையில் வைத்தபடி வாசலிலேயே நின்றதில் ரயிலைத் தவறவிட்டேன். நான் ரயிலைத் தவறவிட்டேன் என்றால் நீர் நம்பமாட்டீர்.

ஓய்வூதியர்களுக்கான செவ்வாய்க்கிழமைப் பகல் காட்சியில், விளக்கு அணைவதற்கு முன் நீர் என் கையில் வைப்பவை அவை. இருமிவிடுவேனோ, முன்வரிசை நோர்வேஜியர்கள் திரும்பிப் பார்ப்பார்களோ என்று படம் தொடங்குமுன்பே எனக்குத் தொண்டை கரகரக்கத் தொடங்கிவிடும். "கடியும், ஐசே. இருமினதுக்கு ஒருத்தரையும் நாடு கடத்தமாட்டாங்கள்" என்பீர்.

கடைசியாக நாம் சேர்ந்து பார்த்தது அந்தப் பிரெஞ்சுப் படம். குழாய் திருத்த வந்த ஒரு பெண், இரவு பகலாகக் கமரா ஓடும் ஒரு தொலைக்காட்சிப் போட்டி வீட்டுக்குள் தவறுதலாகப் பூட்டப்படுகிறாள். அவள் பாட்டுக்குக் குழாயைத் திருத்திக்கொண்டிருக்க, நாடே அவளுக்கு வாக்குப் போடுகிறது. வெளியே வந்தபோது அவளுடைய குறட்டோடு படம் எடுத்துக்கொள்ளத் தெருவில் வரிசை நிற்கிறது.

பாரிஸில் எட்டு வருடம் கோப்பை கழுவிவிட்டு இங்கே வந்தவர் நீர். பிரெஞ்சைக் காதால் கேட்டே சிரித்தீர். அரங்கம் கீழே ஓடிய நோர்வேஜிய எழுத்தைப் பார்த்துச் சிரித்தது. நான் அதை முழுதாக வாசித்து, சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று யோசித்து, எல்லோரும் அடங்கிய பிறகு தனியாகச் சிரித்தேன். "உம்மடை சிரிப்பு அடுத்த ரயிலிலை வருது" என்றீர்.

ஓர் இடத்தில் மட்டும் நீரும் அரங்கமும் நானும் ஒன்றாகச் சிரித்தோம். மகளைக் காணாமல் அழும் அவளுடைய தாயிடம் அந்தப் போட்டியின் இயக்குநர், வெளிச்சம் சரியில்லை, இன்னொரு முறை அழுங்கள் என்கிறார். நீர் என் தோளில் ஓங்கி அடித்தீர். "இவன் எங்கடை கலியாணவீட்டுக் கமராக்காரன் எல்லோ!" உம்முடைய மகள் வதனியின் கலியாணத்தில், கன்னிகாதானம் சரியாகப் பதியவில்லை என்று உம்மை மூன்று தரம் அவள் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்கச் செய்தார்கள். "பெத்தது ஒண்டு, குடுத்தது மூண்டு தரம்" என்று அன்று கோப்பி குடிக்கும்போதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர். பிறகு சிரிப்பு நின்றது.

"என்ரை செத்தவீட்டிலை ஒருத்தனும் என்ரை பிள்ளையைத் திரும்ப அழச் சொல்லக்கூடாது. நீர் பாத்துக்கொள்ளும்."

நான் ஓம் என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்பதில் இன்னும் எனக்குச் சந்தேகம்.

நீர் போன பிறகு வதனியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதற்காகவே போனேன். ஆனால் அவள், "மாமா, கரவெட்டியிலை இருக்கிற மாமிக்கு அப்பாவைப் பாக்க வேறை வழியில்லை. அதுதான் நேரலைக்குச் சொல்லியிருக்கிறன்" என்றாள். உம்முடைய அக்காவுக்கு எண்பத்து நான்கு வயது. கொண்டுபோன பாண் பொதியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

செத்தவீட்டில் தேவாரம் முடிந்து வதனி உம்மைத் தொட்டு அழுதாள். கமராக்காரத் தம்பி நல்ல பிள்ளைதான். காதில் ஏதோ மாட்டியிருந்தான். மெதுவாகத்தான் கேட்டான்: "அக்கா, லைன் கட்டாப் போச்சு. ஊரிலை காணேல்லையாம். தொட்ட அந்த இடத்தை மட்டும் ஒருக்காத் திரும்பச் செய்வமே?"

வதனி ஒன்றும் விளங்காதவளாய்த் தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்தாள்.

கூட்டத்தில் எழுந்து நன்றியுரைகூடச் சொல்லாதவன் நான். எப்படி நடந்தேன் என்று தெரியாது. கமராவுக்கும் அவளுக்கும் நடுவே போய், உம்மைப் பார்த்தபடி நின்றுகொண்டேன்.

"ஐயா, மறைக்கிறியள்."

"ஓம். தெரியும்."

"ஊரிலை பாத்துக்கொண்டிருக்கினம், ஐயா."

"ஓம், தம்பி."

மண்டபத்தை ஒப்படைக்கும் நேரம்வரை நகரவில்லை. கனடாவிலும் கரவெட்டியிலும் எல்லோரும் கண்டது என் கோட்டின் முதுகைத்தான். ஆர் இந்த மொட்டை என்று நேரலைக்குக் கீழே எழுதிக் கேட்டிருந்தார்களாம். அந்தப் படத்துப் பெண்ணைப்போல நானும் ஒன்றும் செய்யாமல் பிரபலமாகிவிட்டேன்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. உம்முடைய சொல்லைக் காப்பாற்றப் போய், உம்மைத் தூக்கி வளர்த்த அக்காவுக்குக் கடைசி முகத்தை மறைத்துவிட்டேனே. நான்கு நாள் யோசித்து, சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் வரியிலேயே மறித்துவிட்டார்.

"எனக்குத் தெரியாத முகமே அது? உங்கடை முதுகு குலுங்கினதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான், தம்பி. அவனுக்காக அழ அங்கை ஒரு சிநேகிதன் நிக்கிறான் எண்டு மனம் ஆறிச்சுது."

உமக்கு மட்டும் சொல்கிறேன். "மறைக்கிறியள்" என்று அந்தத் தம்பி சொன்னபோது எனக்குப் படத்து இயக்குநர் நினைவுக்கு வந்தார். பிறகு உம்முடைய அடி தோளில் விழுந்தது. என் முதுகு குலுங்கியது சிரிப்பில். இடையில் எங்கோ அது மாறிவிட்டது. எந்த இடத்தில் என்று குறித்துவைக்கத் தவறிவிட்டேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

இன்றும் செவ்வாய். அடுத்த ரயிலில் போய், பகல் காட்சியில் நம்முடைய வரிசையிலேயே இருந்தேன். ஒரு கராம்பைக் கடித்தேன். மற்றதை உட்பையில் திரும்ப வைத்தேன். சிரிப்பு வரும் இடத்தில் முதலில் உமக்கு இடம் விட்டேன், பிறகு அரங்கம் சிரித்தது, அது அடங்கிய பின் நான். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

பார்க்கட்டும் என்று, சிரித்து முடித்தேன்.