மூன்று வாரம் நான் மறைத்த வாந்தி

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் விஜயராணிக்கு அம்மா எழுதுவது. நான் பிழைத்து எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், அப்பாவும் சுகம்தான், அங்கே மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்களா. பிழைத்து என்று எழுதியதைப் பார்த்துப் பதறாதே, கடைசிவரை படி. போனில் சொல்லலாம் என்றால் வீடியோவில் உன் முகத்தைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, கூடவே பொய்யும் வந்துவிடுகிறது. அதனால்தான் காகிதம். நீ எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிப்பாய் என்று பெரிது பெரிதாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் காரணம் கீழே இருக்கிறது.

முட்டு வலி தீர எடை குறையட்டும் என்று செய்த வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து முதல் மாதம் நன்றாகத்தான் போனது, பருப்புத் தண்ணீர், மோர், சூப்பு என்று குடித்துக்கொண்டிருந்தேன், அது உனக்கே தெரியும். கெட்டியாகச் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகுதான் வந்தது வினை. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு யோசனை சொல்கிற வந்தனா என்ற மராட்டிப் பெண், சின்னச் சின்ன வாயாக எடுத்துக் கூழாகும்வரை மெல்லுங்கள், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், குமட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், ஒரு நாளுக்கு மேல் வாந்தி நிற்காவிட்டால் உடனே போன் செய்யுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். நான் முப்பது வருஷமாகக் கடையில் நின்றுகொண்டே, ஒரு ஆளுக்குத் துவரம்பருப்பு நிறுத்துக் கொடுப்பதற்கும் அடுத்த ஆள் வருவதற்கும் நடுவில் சாப்பிட்டுப் பழகியவள். அதே வேகத்தில் இரண்டு வாய் இட்லியை விழுங்கினேன். நெஞ்சுக்குழியில் கல்லை வைத்து அழுத்தினாற்போல் இருந்தது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது, நெற்றி சில்லென்று வேர்த்தது, பிறகு எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒரு நாள் இரண்டு நாள் என்று இருந்தது தினமும் ஆனது, பிறகு சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் ஆனது. பக்கத்து ரஹ்மத்துல்லா பாய் கடையில் பிரியாணி டேக்சாவின் மூடியைத் திறந்தால் அந்த வாசனைக்கே குமட்டும். சத்து மாத்திரையை வாய்க்குக் கிட்டே கொண்டு போனாலே புரட்டியது, அதையும் விட்டேன்.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் வாந்தி எடுப்பேன், அப்பாவுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று. ஆபரேஷன் பேச்சு எடுத்தபோது அவர், நல்லாருக்க வயித்த எதுக்குளா அறுக்கணும், அவ அங்கருந்து போன்ல சொல்லுவா, இங்க படப்போறது நீதான் என்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். நான் வாந்தி எடுக்கிறேன் என்று தெரிந்தால் பழி உன் தலையில் விழும் என்று பயந்தேன். இது பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். வாந்தி எடுக்க எடுக்க எடை இறங்கியது. ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்தது, சயான் ஸ்டேஷனில் எங்கேயும் நிற்காமல் படி ஏறினேன், உல்லாஸ்நகர் சித்தி வந்து, அடையாளமே தெரியலயே அக்கா என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. இறங்கட்டும், இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று இருந்துவிட்டேன். நீ கேட்கும்போதெல்லாம் அரை இட்லி சாப்பிட்டேன், தயிர் சாப்பிட்டேன் என்று சொன்னேனே, சாப்பிட்டது நிஜம், அது தங்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. மூன்று வாரம் இப்படி.

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்குப் போக ரோட்டைக் கடக்கும்போது ஒரு பஸ் இரண்டாக வந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், இரண்டுதான். கால் தரையில் பாவவில்லை, குடித்தவள் மாதிரி தள்ளாடிப் போய்க் கடையில் உட்கார்ந்தேன். தராசில் நம்பர் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை, அப்பா சொல்லித்தான் தெரியும். நான் அவரைப் பார்த்து, ராணி ஸ்கூல்ல இருந்து வந்துட்டாளா, மழை பெய்யுதே, கொடை கொண்டு போனாளா என்று கேட்டேனாம். மழையே இல்லையாம். வெளையாடுதியா என்றாராம். நான் கோபப்பட்டு, பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க என்றேனாம். அவர் கடையைப் பூட்டக்கூட இல்லை, பாயிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னை ஆட்டோவில் தூக்கி வைத்தார். உனக்குக் கல்யாணம் ஆனது, நீ கடல் தாண்டிப் போனது, இவ்வளவும் என் தலையில் இருந்து எப்படிப் போயிற்று என்று நினைத்தால் இன்னும் திக்கென்று இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து விட்டுவிட்டு நினைவு இருக்கிறது, வந்தனாதான் முதலில் வந்தாள். எத்தனை நாளாக வாந்தி என்று கேட்டதற்கு அப்பா, வாந்தியே கெடையாது மேடம் என்றார். நான் இரண்டு நாள் என்றேன், அந்த நிலையிலும் பொய்தான் வந்தது. அவள் என் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்த்துவிட்டு, சச் போலோ ஆன்ட்டி, உண்மையைச் சொல்லுங்கள் என்று கையைப் பிடித்தாள். மூன்று வாரம் என்றேன். அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். சாப்பாடு தங்காததால் உடம்பில் பி ஒன்று என்ற வைட்டமின் வற்றிப் போய் மூளையைத் தாக்கியிருக்கிறது, இன்னும் சில நாள் விட்டிருந்தால் நடையும் நினைவும் திரும்பாமலே போயிருக்கலாம் என்றார் டாக்டர். உடனே ஊசி மருந்து ஏற்றினார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் அடைப்பு ஒன்றும் இல்லை, வேகமாகச் சாப்பிட்டதுதான் என்றார்கள். இரண்டாம் நாள் கண் தெளிந்தது. நடையும் கையெழுத்தும் மட்டும் இன்னும் நேராகவில்லை, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன், சரியாக மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள்.

அப்பா உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஏசுவேன்னு பயந்து செத்துப் போவப் பாத்தியாளா, நான் அவ்வளவு மோசமானவனா என்று மட்டும் கேட்டார். இப்போது மூன்று வேளையும் எதிரில் உட்கார்ந்துகொள்கிறார். ஒரு ஸ்பூன் தயிர், இல்லாவிட்டால் குழைந்த சோற்றில் இரண்டு விரல் அளவு. மென்று முடித்தேன் என்று நான் தலையாட்டின பிறகுதான் அடுத்த ஸ்பூன். ஏப்பம் வந்தாலோ மூக்கில் நீர் வந்தாலோ தட்டை எடுத்துவிடுகிறார், அது வயிறு போதும் என்று சொல்கிற அடையாளமாம். தண்ணீர் அரைமணி கழித்துத்தான். குமட்டல் வராமல் இல்லை, வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை மெதுவாக விடுகிறேன், சொல்லியும் விடுகிறேன். சொல்லுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆபரேஷனுக்கு வற்புறுத்தினோமே என்று நீ அழக் கூடாது. முட்டு வலி இல்லாமல் தூங்குகிறேன், அது உன்னால்தான். மாத்திரையை விட்டதும் வாயை மூடிக்கொண்டதும் நான். லீவ் போட்டு ஓடி வராதே, டிசம்பரில் வருவதாகச் சொன்னாயே, அப்போது வா. நீயும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாய், அதை விடு. உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் அம்மா பயப்படுவாள் என்று மறைக்காதே, இனி நானும் மறைக்க மாட்டேன். வீடியோவில் நான் சிரித்தாலும் நம்பாமல் போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லு.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, நோய் நொடி அண்டாமல், மனசு ஒத்து வாழ வேண்டும். இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எங்கேயும் திருத்தம் சொல்லவில்லை, கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னார்: இன்னையோட ஒம்பது நாளா வாந்தி இல்லன்னு எழுது, நான் எண்ணிக்கிட்டிருக்கேன்.

உன் அம்மா,
இ. ஆவுடையம்மாள்