அசையாமல் இருபது நிமிடம்

சென்னை

அன்புள்ள செல்லக்கிளிக்கு,

நான் சாப்பிடுகிறேன், வேலைக்கும் போகிறேன். முசிறியில் நீயும் அத்தையும் நலம்தானே? போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

மண்டையோட்டின் அடியிலுள்ள கட்டிக்கு நேற்று புரோட்டான் கதிர் சிகிச்சை தொடங்கியது. வலை போன்ற முகமூடியைப் போட்டு முகத்தை மேசையோடு பூட்டினார்கள். மூச்சு முட்டிக் கையைத் தூக்கிவிட்டேன். உடனே கழற்றினார்கள்.

"கதிர் கட்டியோட நின்னுடும். நீங்க மட்டும் அசையாதீங்க," என்றார் டாக்டர்.

"அசைஞ்சுட்டா?"

"நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிப்போம்."

மறுபடி படுத்தேன். அசையவில்லை, ஆனால் சட்டை வியர்வையில் ஊறிவிட்டது.

இன்னும் முப்பத்திரண்டு நாள் இருக்கிறது. உள்ளே துணைக்கு யாரும் வர முடியாது. கேட்ட பாட்டைப் போடுவார்களாம். எனக்குப் பாட்டு வேண்டாம். வீட்டுக் கதையோ, என்னைத் திட்டுவதோ, இருபது நிமிடம் பேசிப் பதிவுசெய்து நம் மகள் கனிஷ்காவை அனுப்பச் சொல். இன்றைய சிகிச்சைக்குக் கூப்பிடுகிறார்கள்.

ரெங்கராஜ்